அழைப்பு எது, ஆசை எது?

இறைபணிக்கு வருவோர் ஒவ்வொருவரையும் என்றோ ஒருநாள் ஒரு வினா எதிர்கொள்கிறது. தாம் செல்லும் பாதை இறைவன் காட்டியதா, அல்லது தமது மனம் விரும்பியதா என்பதே அவ்வினா. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த டொக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை இதற்கு விடை தேடுவோருக்கு நல்லதொரு பாடமாகும்.

ஐடா 1870 ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரிக் குடும்பமொன்றில் பிறந்தார். அவரது பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820களில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றியவர். தந்தையாரும் மருத்துவ மிஷனரியே. ஆயினும் சிறு வயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணுற்ற ஐடா, அப்பணியை விரும்பவில்லை. அமெரிக்காவில் கல்வி கற்று அங்கேயே வாழ்வதே அவரது ஆசையாக இருந்தது. நோயுற்ற தாயாரைப் பராமரிப்பதற்காகவே அவர் திண்டிவனம் வந்தார்.

அங்கு ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து அவரை நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் வைத்தியரான தந்தையாரை அழைத்துச் செல்ல அவர்களின் வழக்கம் இடமளிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்காதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர்.

அந்த மரணங்களிலேயே ஐடா தமக்கான அழைப்பைக் கண்டார். ஆனால் அந்நேரத்து உணர்ச்சியை மட்டும் நம்பி அவர் பணியில் இறங்கிவிடவில்லை. அமெரிக்கா திரும்பி, 1899 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னரே வேலூருக்கு வந்தார். 1902 இல் 40 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1909 இல் தாதியர் பயிற்சியும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையும் ஆரம்பமாகின.

பெண்களுக்கென்றே தாம் உருவாக்கிய கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க வேண்டிய நிலை 1940களில் ஏற்பட்டது. நெருங்கிய ஆதரவாளர்கள் சிலர் எதிர்த்தபோதிலும் அவர் அதற்கு இணங்கினார். 1947 இல் ஆண் மாணவர்கள் அனுமதிக்கப்பட்டனர். இறுதிவரை திருமணம் செய்யாது வாழ்ந்த அவர், 1960 இல் கொடைக்கானலில் காலமானார்.

இளமையில் அவர் துறந்தது சொந்த சுகத்தை. முதுமையில் விட்டுக்கொடுத்ததோ தமது பணியின் மீதான பற்றை. இரண்டாவதே கடினமானது. ஏனெனில் பக்தியின் போர்வையில் வரும் ஆசையை இனங்காண்பது எளிதன்று. நமது விருப்பத்துக்கு இறைவனின் பெயரைச் சூட்டுமுன், வாசலில் வந்து நிற்பவரின் தேவை என்னவென்று கேட்பது எம்மதத்தவருக்கும் பொருந்தும்.