சிறுவன் கேட்டான், ஆட்சி எழுந்து போயிற்று!

தென்னாப்பிரிக்காவிலே, 1989 பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தான் சோலானி நிகோசி. பிறவியிலேயே அவன் குருதியில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. தாயிடமிருந்து வந்தது. தாய் தர விரும்பியதல்ல. தடுக்க வழியற்ற ஏழையாக இருந்தாள் அவள்.

நோய் தாயை வாட்டிற்று. மகனைப் பேண இயலவில்லை. கெயில் ஜான்சன் என்ற வெள்ளைப் பெண்மணி அந்தக் கருப்பினக் குழந்தையைத் தன் மகனாக வளர்த்தார். நிறவெறி ஆட்சி இன்னும் முற்றாக முடிந்திராத காலம் அது!

1997-இல் தாய் மறைந்தாள். அதே ஆண்டு, எட்டு வயதுச் சிறுவன் ஜோகன்னஸ்பர்க் பள்ளியொன்றின் வாசலில் நின்றான். உள்ளே விடலாகாது என்றனர் சிலர். தொட்டால் தீட்டு என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்தக் குரல் புதிதா, தோழர்களே? தொடுவதால் பரவாத நோய்க்குக் கதவடைப்பு! நாடே கிளர்ந்தது, கதவு திறந்தது, பள்ளிகளின் விதியும் மாறிற்று.

தாயைப் பிரிந்த வேதனை அவனை விடவில்லை. நோயுற்ற தாயும் சேயும் பிரியாமல் ஒன்றாக வாழ, 1999-இல் அவன் பெயரால் ஓர் இல்லம் எழுந்தது.

2000 ஜூலை 9. டர்பன் நகரில் உலக எய்ட்ஸ் மாநாடு. மேடையேறினான் பதினொரு வயது நிகோசி, மெலிந்த மேனியுடன். கருவுற்ற தாய்மார்க்கு மருந்து கொடுங்கள், பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று அரசை வேண்டினான். பேச்சு முடியுமுன்பே குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி எழுந்து போய்விட்டார். எய்ட்ஸுக்குக் காரணம் அந்தக் கிருமிதானா என்று ஐயம் எழுப்பி வந்தவர் அவர்!

மருந்து இல்லையா? இருந்தது! ஏ.இசட்.டி. கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்றுவது மூன்றில் இரு பங்கு குறையும் என்று 1994-லேயே தெளிவாகிவிட்டது. பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து. இந்த நெவிரபின் முறை ஏறத்தாழப் பாதியைக் குறைக்கும் என்று 1999-இல் உகாண்டாவில் கண்டனர். அதை இலவசமாகவே தர முன்வந்தது கம்பெனி. அரசோ, சில இடங்களில் மட்டும் சோதித்துப் பார்ப்போம் என்றது.

2001 ஜூன் 1-ஆம் நாள், உலகெங்கும் பல நாடுகள் குழந்தைகள் தினம் கொண்டாடிய அன்று, பன்னிரண்டு வயதில் நிகோசி கண்மூடினான். 2002 ஜூலை 5-ஆம் நாள், மருந்தை மறுக்காதே என்று அரசுக்கு ஆணையிட்டது அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம். அவன் கேட்டது கிடைத்தது, கேட்டவன் இல்லை! 2000 முதல் 2005 வரை நேர்ந்த தாமதத்தால் ஏறத்தாழ 35,000 குழந்தைகள் நோயோடு பிறந்ததாக ஆர்வர்டு ஆய்வாளர் கணக்கிட்டனர்.

இன்று என்ன நிலை? மருந்தில்லையேல் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். தாய் நாள்தோறும் மாத்திரை உண்டு, பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால், ஐந்துக்கும் கீழே குறைக்கலாம்.

உழைக்கும் தோழனே! உன் வீட்டுப் பெண் கருவுற்றால், தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல். நீயும் செய்துகொள். நோய் இருப்பது தெரிந்தால் பழிக்காதே. மருந்து கிடைக்க வழி செய். மேடையில் நின்று அந்தச் சிறுவன் கேட்டது இதைத்தான்.