உபாத்தியாயர் ஓம்

எமது ஊராகிய இண்டூரில், சென்ற கோடையில் எங்கள் கிணற்று மோட்டாரின் காயில் இரண்டாம் முறையாகக் கருகிற்று. வீட்டிற்கும் கிணற்றிற்கும் இடையே தூரம் மிகுதி. மெல்லிய கம்பி ஒன்றை நீள இழுத்து அதன் வழியே மின்சாரத்தைக் கொண்டு சென்றிருந்தோம். என் தந்தையார் மோட்டாரைக் குறை கூறினார். பழுது பார்த்தவரோ கம்பியைக் குறை கூறினார். தமிழ் பயிலும் யான் வாளாவிருந்தேன். பின்னர், விடுதியில் உடனுறையும் பௌதிக மாணவர் ஒருவரிடம் இதனைக் கூற, அவர் சிறியதொரு கணக்கைப் போட்டுக் காட்டி, அக்கணக்கிற்கு உரியவர் பெயரையும் சொன்னார். அப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனி தேசத்து எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள் பிறந்தார். (அவர் குலப்பெயரைக் கேட்டதும் பிரணவத்தை நினைவார் உளர், இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இன்று.) தந்தையார் பூட்டுத் தொழிலாளி. தாமே முயன்று கணிதம் முதலியன கற்று, அவற்றைத் தம் மக்களுக்கும் கற்பித்தவர். ஏழு மக்களுள் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதில் தாயார் இறந்தார்.

1805-ல் எர்லாங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்த ஓம், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்டு ஆட்டத்திலும் பொழுதைப் போக்கினார். விடுதி நண்பர்கள் இப்பகுதியை மட்டும் முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக! தந்தையார் வெகுண்டார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. ஓம் ஸ்விட்ஸர்லாந்து சென்று பள்ளியிற் கணிதம் கற்பித்துக்கொண்டே தனியாகப் பயின்று, 1811-ல் ஊர் மீண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் வயிற்றை நிரப்பவில்லை. சில ஆண்டுகள் எளிய பள்ளி வேலையில் உழன்றபின், 1817-ல் கொலோன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் உபாத்தியாயரானார். அங்கே நல்லதொரு பௌதிக ஆய்வுச்சாலை இருந்தது.

மின்சாரம் கம்பியில் ஓடுவதை அக்காலத்தார் அறிவர். கம்பி நீண்டால் ஓட்டம் குன்றுவதையும் அறிவர். எவ்வளவு குன்றும் என்பதற்கு நம்பத்தக்க விதி இல்லை. ஓம் பல நீளங்களில் கம்பிகளை மாற்றி மாற்றி வைத்து அளந்து, 1825-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அது பிழையான சூத்திரம். அவர் பயன்படுத்திய மின்கலம், ஓட்டம் தொடங்கியதும் வலிமை குறைந்துகொண்டே சென்றதே பிழைக்குக் காரணம். வழுக்கும் அளவுகோல் கொண்டு நிலம் அளப்பாரைப் போல் ஆயினார் அவர். அச்சேறிய தம் சொல்லைக் காக்க வாதிடாமல் மீண்டும் தொடங்கினார் என்பதே இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகக் கவர்ந்த பகுதி.

போகென்டார்ஃப் என்னும் அறிஞர் கூறிய யோசனைப்படி, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறாமையின், அவற்றாற் பிறந்த மின்னழுத்தமும் மாறாது நின்றது. ஓட்டத்தின் அளவைத் தொங்கும் காந்த ஊசி காட்டிற்று. பட்டறையிற் பழகிய கை அவருக்குத் துணை நின்றது. 1826-ல் உண்மை புலனாயிற்று: அழுத்தம் மாறாதிருக்கத் தடை இரட்டித்தால், ஓட்டம் பாதியாகும்.

இதனை விரித்து எழுதுதற்பொருட்டு ஓராண்டு விடுப்பிற் பெர்லின் சென்றார், சம்பளம் பாதியே. 1827-ல் நூல் வெளிவந்தது. இயற்கையைக் கணிதத்தால் அளப்பதை விரும்பாதார் அந்நாட்டில் அன்று பலர். நூலைக் கடிந்தவர் உண்டு. பொருட்படுத்தாதவர் அவரினும் பலர். நாடிய சர்வகலாசாலைப் பதவி கிட்டவில்லை. மனம் நொந்து 1828-ல் கொலோன் வேலையையும் துறந்தார். அடுத்த ஐந்தாண்டும் பெர்லினில் அற்ப ஊதியத்திற்குக் கணிதம் கற்பித்துக் காலங்கழித்தார். 1833-ல்தான் நூரம்பர்க் நகரில் நிலையான வேலை கிடைத்தது. இலண்டன் ராயல் சங்கத்தார் 1841-ல் காப்லி பதக்கம் அளித்தனர். 1852-ல், அறுபத்து மூன்றாம் வயதில், மியூனிக்கில் பௌதிகப் பேராசிரியரானார். இரண்டே ஆண்டுகள், 1854 ஜூலை 6-ல் உயிர் நீத்தார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகிற்கு அவர் பெயரையே நிலைநாட்டிற்று.

இனி அக்கணக்கு. 230 வோல்ட்டு அழுத்தத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் ஓட்டத்தை ஏற்குமாயின், 230-ஐ 5-ஆல் வகுக்க வரும் 46 ஓம் அதன் தடை. வகுக்காமற் பெருக்கினால் 1150 வாட்டு. அஃது அதன் திறன். ஓட்டம் கம்பியிற் பிறப்பிக்கும் வெப்பத்தை அளந்து விதி கண்டவர் ஆங்கிலேயராகிய ஜூல், ஆண்டு 1841. மோட்டாருக்கு இவ்வகுத்தல் நேரே பொருந்தாது என்று நண்பர் எச்சரித்தார். ஆனால் மோட்டாருக்குச் செல்லும் கம்பிக்குப் பொருந்தும். போகவும் வரவும் சேர்த்து 3 ஓம் தடையுள்ள கம்பியில் 8 ஆம்பியர் ஓடினால், 24 வோல்ட்டு கம்பியிலேயே கழிந்துவிடும். 192 வாட்டு வீணே வெப்பமாகும். அழுத்தம் குறைந்த மோட்டார், சுமையை இழுக்கவேண்டி மேலும் மிகுதியான ஓட்டத்தை வாங்கிச் சூடேறும். குறுக்குவெட்டுப் பரப்பு இரட்டித்த செம்புக் கம்பியாயின் தடை பாதி; அதே ஓட்டத்தில் இழப்பும் பாதி.

தாளில் எழுதி ஊருக்கு அனுப்பினேன். தந்தையார் நெடுநாள் நம்பவில்லை. ஐப்பசியில் தடித்த கம்பி வாங்கி மாற்றினார். பழைய கம்பி இப்போது எங்கள் வீட்டுப் புறக்கடையில் துணி உலர்த்தும் கொடியாக இருக்கிறது.