பானைக்கு வயது சொன்னவர்

பொங்கல் நெருங்கும்போது லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேன் கடைகளில் அடுக்கியிருக்கும் மண்பானைகளைப் பார்த்திருப்பீர்கள். கை தவறி ஒன்று உடைந்தால் கூட்டித் தள்ளிவிடுவோம். அந்த ஓட்டுச் சில்லைப் பொன்னாக மதித்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

சர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1853இல் இங்கிலாந்தில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை, பள்ளிக்கூடமே போகவில்லை. (பரிசளிப்பு விழா மலரில் இதைச் சொல்லலாமா என்று சிரிக்காதீர்கள்!) தந்தையார் நில அளவை சொல்லிக் கொடுத்தார்.

1880இல் பிரமிடுகளை அளக்க எகிப்துக்குப் போனார். அங்கே பலரும் தேடியது தங்கமும் சிலைகளும்தான். பானை ஓட்டைத் தூர எறிந்தார்கள். பெட்ரி அதைத்தான் பொறுக்கினார். 1894-95இல் நகாடா என்னும் இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டினார். எழுத்தும் இல்லை, அரசன் பெயரும் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது?

ஒவ்வொரு குழிக்கும் ஓர் அட்டைத் துண்டு வைத்து, அதிலிருந்த பானை வகைகளைக் குறித்தார். அலை அலையான கைப்பிடி வைத்த ஒரு வகைப் பானை வழிகாட்டியது. முதலில் பிடிக்க வாகான கைப்பிடி. போகப் போக அது தேய்ந்து, கடைசியில் வெறும் கோடாக நின்றுவிட்டது. அந்தப் போக்கில் அட்டைகளை அடுக்கினார், காலவரிசை கிடைத்துவிட்டது! வரிசை எண்ணை 30இலிருந்து தொடங்கினார். இன்னும் பழைய பானை நாளைக்கு அகப்பட்டால் இடம் வேண்டுமே!

இனங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த உயர்வு தாழ்வு எண்ணங்களை நாம் ஏற்க முடியாது. இந்த அட்டை வேலையோ அபாரம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கிடைத்த பொருளின் மேலேயே புதைகுழி எண்ணை மையால் எழுதி வைப்பார்கள். பொருள்கள் பல நாட்டு அரும்பொருளகங்களுக்குப் பிரிந்து போயின. எந்தப் பானை எந்தக் குழியது என்று கண்டுபிடிக்க இன்றும் அந்த எண்தான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுக்கிறது.

வந்த இடம் தெரிவது அவ்வளவு முக்கியமா? நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் ஓர் உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலையை நியூயார்க் வணிகர் ஒருவரிடம் வாங்கியது. அது தமிழ்நாட்டுக் கோயிலில் திருடுபோனது என்று பிற்பாடு தெரியவந்து, 2015இல் இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்க முடிவாயிற்று.

பெட்ரி 1942இல் ஜெருசலத்தில் காலமானார். உடல் அங்கேயே அடக்கமாயிற்று. தலையை மட்டும் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். போர்க்காலமல்லவா, தாமதமாகப் போய்ச் சேர்ந்து, ஜாடியில் கிடந்தது. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? ஜாடியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு கழன்று விழுந்துவிட்டது! யார் தலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஒருவழியாக அடையாளம் கண்டார்கள்.