மலையின் காலம் அறிந்தவர்

திருத்தந்தை 11ஆம் பத்திநாதரை, 1925-ல் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியவராக நாம் அறிவோம். 1923-ல் நம் நாட்டவரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையைத் தூத்துக்குடிக்கு ஆயராக நியமித்தவரும் அவரே. அவர் தேர்ந்த மலையேற்ற வீரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1857-ல் இத்தாலியின் தேசியோவில் பிறந்த அவரது இயற்பெயர் அக்கில்லே ரத்தி. குருவாகி, மிலான் நகரின் அம்புரோசியார் நூலகத்தில் பழைய ஏடுகளோடு உழைத்தவர், விடுமுறை கிடைத்தால் ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டுவிடுவார். கோயில் மணிக்கூண்டுக்கு ஏறவே நமக்கு மூச்சு வாங்குகிறது!

அந்த மலைகளில் உயரே ஏற ஏற்ற காலம் மிகக் குறுகியது. கோடை தொடங்கியும் பழைய பனி உருகி முடியாது. இலையுதிர் காலம் வந்தால், லார்ச் மரங்கள் பொன்னிறமாகும்; மேய்ச்சல் மாடுகளைக் கீழே ஓட்டிவருவார்கள்; சிகரங்களில் புதுப்பனி விழும். ஒரே நாளுக்குள்ளும் மலை மாறிவிடும். இரவுக் குளிரில் இறுகிய பனி, வெயில் பட்டதும் சரியத் தொடங்கும். மோந்தே ரோசாவின் கிழக்குச் சரிவில் 1881-ல் மூவர் பனிச்சரிவில் மாண்டனர்.

அதே சரிவில்தான் 1889 ஜூலை இறுதியில் ரத்தி அடிகளார், ஒரு நண்பர் குருவுடனும் மலைவாசிகள் இருவருடனும் ஏறினார். ஆபத்தான இடத்தை இருட்டிலேயே கடந்தார்கள். ஆனாலும் மாலையில் சிகரத்தை நெருங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய பாறைத் திட்டில் நால்வரும் இரவைக் கழித்தார்கள். கண்ணயர்ந்தால் உயிர் போகும் என்பதால், கால்களை உதைத்துக்கொண்டே விழித்திருந்தார்கள். நல்ல வேளை, காற்று அடிக்கவில்லை. மறுநாள் உச்சியைத் தொட்டு, இன்னோர் இரவையும் மலையிலேயே கழித்து, சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு இறங்கினார்கள். இதைத் துணிச்சல் என்பதைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பொறுமை என்றே நாம் சொல்வோம்.

1922-ல் அவர் திருத்தந்தையானார். அரசோடு இருந்த பிணக்கால் 1870 முதல் திருத்தந்தையர் வத்திக்கானை விட்டு வெளியே வருவதில்லை. 1929 உடன்படிக்கை வரை அவரும் உள்ளேயே இருந்தார். 1923-ல் மெந்தோன் நகர்ப் புனித பெர்னார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவருக்கு, நடப்பதற்கு மிஞ்சியது வத்திக்கான் தோட்டம் மட்டுமே.