நோபலின் உயிலும் ஐந்தாண்டுப் போராட்டமும்

ஒருவர் ஈட்டிய செல்வம், அவருக்குப் பின் அவர் நினைத்த இடத்தைச் சென்று சேர்வது எளிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பெருஞ்செல்வர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் நோபலின் உயில் இதற்குத் தக்க சான்று. அவர் பெயரால் வழங்கப்படும் பரிசுகளை உலகம் அறியும். அப்பரிசுகள் தொடங்கப்படாமலேயே போயிருக்கக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே.

1833 அக்டோபர் 21-ஆம் தேதி ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் பிறந்தார். அதே ஆண்டில் அவருடைய தந்தை இம்மானுவேல் திவாலானார். பின்னர் ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திக் குடும்பம் செழித்தது. ஆனால், கிரிமியப் போர் முடிந்து ரஷிய அரசின் கொள்முதல் நின்றதும் அத்தொழிலும் நொடித்தது. செல்வத்தின் நிலையாமையை நோபல் நூல்களில் படித்து அறியவில்லை. தம் வீட்டிலேயே கண்டார்.

1864-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நைட்ரோகிளிசரின் வெடித்ததில் அவருடைய தம்பி எமில் உள்ளிட்ட சிலர் உயிரிழந்தனர். அந்த வெடிபொருளைப் பாதுகாப்பாகக் கையாளும் வழியைத் தேடிய நோபல், 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களும் ரயில் பாதைகளும் பெருகிய காலம் அது. பல நாடுகளில் அவருடைய தொழிற்சாலைகள் எழுந்தன. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 355.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஆகவே, அண்ணன்களான ராபர்ட், லுட்விக் ஆகியோரின் மக்களே தங்களுக்குச் சொத்து வரும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடிய நெருங்கிய உறவினர்கள். நோபல் 1889-இலும் 1893-இலும் உயில் எழுதினார். இறுதி உயிலை 1895 நவம்பர் 27-ஆம் தேதி பாரிஸில் நான்கு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டார். அதில் அண்ணன் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட தொகைகளை ஒதுக்கினார். ஊழியர்கள் சிலருக்கும், ஒரு காலத்தில் தமக்கு நெருக்கமாயிருந்த பெண்ணுக்கும் ஆண்டுத்தொகை ஏற்பாடு செய்தார். எஞ்சிய பெரும்பங்கினைப் பாதுகாப்பான பத்திரங்களில் முதலீடு செய்து, அதன் வருவாயை ஆண்டுதோறும் ஐந்து பரிசுகளாக வழங்குமாறு பணித்தார்.

நோக்கம் உயர்ந்தது, ஆனால், ஆவணம் ஓட்டைகள் நிறைந்தது. பிரிட்டனில் புகையற்ற வெடிமருந்து தொடர்பான காப்புரிமை வழக்கில் 1895-இல் தோற்றிருந்த நோபலுக்கு வழக்குரைஞர்கள் மீது நம்பிக்கை இல்லை. உயிலை அவர்கள் துணையின்றித் தாமே எழுதினார். சொத்தைப் பெற்று நிர்வகிக்க வேண்டிய அறக்கட்டளை எதையும் அவர் நிறுவியிருக்கவில்லை. உயிலிலும் அப்படியோர் அமைப்பைக் குறிப்பிடவில்லை. பரிசுக்கு உரியோரைத் தேர்வு செய்யும் பொறுப்பை ஸ்வீடனின் மூன்று அமைப்புகளிடமும் நார்வே நாடாளுமன்றத்திடமும் ஒப்படைத்தார். ஆனால், அவற்றின் ஒப்புதலை முன்கூட்டிப் பெறவில்லை. தம் நிரந்தர வசிப்பிடம் எது என்பதையும் எழுதவில்லை.

1896 டிசம்பர் 10-ஆம் தேதி இத்தாலியின் சான் ரெமோவில் நோபல் காலமானார். 3 கோடி குரோனருக்கும் அதிகமான அவருடைய சொத்து பல நாடுகளில் சிதறிக் கிடந்தது. உயிலை நிறைவேற்றும் பொறுப்புக்கு அவர் பெயர் குறித்திருந்த இருவரும் பொறியாளர்கள். அவர்களில் ராக்னர் சோல்மன் என்ற உதவியாளருக்கு அப்போது வயது 26.

பாரிஸா, ஸ்வீடனா என்ற வசிப்பிடக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. பிரெஞ்சு நீதிமன்றத்தின் கைக்கு விவகாரம் சென்றால் உயில் செல்லாமல் போகலாம், வரியும் மிகும். சோல்மன் தாமதிக்கவில்லை. பாரிஸ் வங்கியிலிருந்த பத்திரங்களைக் கைத்துப்பாக்கியுடன் குதிரை வண்டியில் எடுத்துச்சென்று, சிப்பம் சிப்பமாக லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அனுப்பினார். இறுதியில், ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா வட்டார நீதிமன்றமே இவ்விவகாரத்துக்கு உரிய இடம் என முடிவாயிற்று. நோபல் தம் குதிரைகளை அங்குள்ள இல்லத்தில் வைத்திருந்ததும் அதற்கு ஒரு சான்றாயிற்று என்று சொல்லப்படுவதுண்டு.

உறவினர் சிலர் உயிலை எதிர்த்தனர். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கருக்கும் நாட்டின் செல்வம் அயல்நாட்டினருக்குப் பரிசாகச் செல்வதில் உடன்பாடில்லை. லுட்விக்கின் மகன் இம்மானுவேலை அழைத்து, சித்தப்பாவின் உயிலை மாற்றும்படி அவர் வற்புறுத்தினார். இம்மானுவேல் இணங்கவில்லை. அவர் நடத்திய பாகு எண்ணெய் நிறுவனத்தில் நோபலுக்கிருந்த பங்குகள் விற்பனைக்கு வந்தால் பாதிப்பு அவருக்கே. ஆயினும், இறந்தவரின் விருப்பத்தையே அவர் மதித்தார். 1898-இல் உறவினர்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1900 ஜூன் 29-ஆம் தேதி நோபல் அறக்கட்டளையின் விதிகள் அரசின் ஒப்புதலைப் பெற்றன. நோபல் மறைந்து சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1901 டிசம்பர் 10-ஆம் தேதி முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. பாதுகாப்பான பத்திரங்கள் என்ற சொற்களைக் கடன்பத்திரங்கள் என்றே பொருள்கொண்டு முதலீடு செய்தனர். அவை மூலதனத்தைக் காத்தன. ஆனால், அதன் வாங்கும் திறனை விலைவாசி உயர்வும் வரிச்சுமையும் அரித்தன. 1901-இல் ஒரு பரிசின் மதிப்பு 1,50,782 குரோனர். 1923-இல் அது 1,14,935 குரோனராகச் சரிந்தது. 1946-இல் அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடைத்தது. 1953-இல் பங்குகளிலும் நிலம், கட்டடங்களிலும் முதலீடு செய்ய அரசு அனுமதித்தது. அதன் பின்னரே நிதி மீண்டும் வளரத் தொடங்கியது.

நோபலின் உயில் பிழைத்தது சோல்மனின் உழைப்பாலும் இம்மானுவேலின் பெருந்தன்மையாலும்தான். எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படிப்பட்ட இருவர் வாய்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே, உயிலோ அறக்கட்டளையோ ஏற்படுத்துவோர் சட்டம் அறிந்தவரைக் கலந்து எழுதுவதும், பொறுப்பேற்க வேண்டியவரின் சம்மதத்தை முதலில் பெறுவதும், முதலீட்டு விதிகளைக் காலத்துக்கேற்பத் திருத்த இடம் வைப்பதும் நல்லது. இவற்றுடன், யாருக்கு எதை, ஏன் அளிக்கிறோம் என்பதை வாழும்போதே வீட்டாரிடம் பேசிவிடவும் வேண்டும். நோபலின் உறவினர்களோ அவருடைய இறுதி முடிவை அவர் மறைந்த பிறகே அறிந்துகொண்டனர்.