பகா எண்களில் சறுக்கிய இராமானுஜன், அங்கேயே எழுந்த கதை

திரிங்காப்: 12 முட்டைகோஸைக் கூடையில் மூன்று வரிசையாகவோ நான்கு வரிசையாகவோ அடுக்கலாம். 13 என்றால் ஒரே வரிசைதான். சமமாகப் பிரிக்க வழியே இல்லை. இப்படிப்பட்டவைதான் பகா எண்கள். இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் ‘நொம்போர் பெர்டானா’ என்று படிப்பதும் இதைத்தான்.

கணித மேதை இராமானுஜன் பெரிதாகச் சறுக்கியதும் இந்த எண்களில்தான். பாராட்டுக் கட்டுரைகளில் இந்தச் செய்தி அதிகம் இடம்பெறுவதில்லை.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதியவர். மகனுக்குக் கணிதம் தவிர வேறு பாடத்தில் மனம் நிற்கவில்லை. உபகாரச் சம்பளம் பறிபோனது, கல்லூரித் தேர்விலும் தோல்வி. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 100க்குள் 25 பகா எண்கள், 1,000க்குள் 168, பத்து லட்சத்துக்குள் 78,498. இப்படி எந்த எண்ணுக்குள்ளும் எத்தனை இருக்கும் என்பதை மிகத் துல்லியமாகக் கணிக்கும் வழி தம்மிடம் இருப்பதாக அதில் சொன்னார். சிறிய எண்களுக்கு அழகாகப் பொருந்திய அந்தச் சூத்திரம், எண்கள் பெரிதாகப் பெரிதாகக் காலை வாரியது. பகா எண்களைப் பற்றி ஐரோப்பாவில் அதற்குள் கண்டறியப்பட்டிருந்த பல உண்மைகள் கும்பகோணத்துக்கு வந்து சேரவே இல்லை. திறமையில் குறையில்லை, நூல்கள்தான் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கதையும் அல்ல.

மற்ற தேற்றங்களின் வலிமையைக் கண்ட ஹார்டி அவரை அழைத்தார். 1914இல் கப்பலேறினார். குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் சைவ உணவுக்காரரான அவர் உடலை வாட்டின. 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானபோது அவர் நோயாளி.

1919இல் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என்பதை ரஷ்ய அறிஞர் செபிஷேவ் முன்பே நிறுவியிருந்தார். இராமானுஜன் அதைவிட எளிய வழியில் நிறுவியதோடு, எண்கள் வளர வளர அந்த இடைவெளியில் இரண்டு, மூன்று, நான்கு என்று பகா எண்கள் கூடிக்கொண்டே போகும் என்றும் காட்டினார். இம்முறை ஊகம் இல்லை, முழுமையான நிரூபணம். அதிலிருந்து பிறந்த 2, 11, 17, 29, 41 என்ற வரிசைக்கு இன்று இராமானுஜன் பகா எண்கள் என்று பெயர்.

2024இல் கணினி கண்டறிந்த மிகப் பெரிய பகா எண்ணில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையிலும் எண்ணிலடங்கா பகா எண்கள் இருக்கின்றன. யாரும் இன்னும் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

1920 ஏப்ரல் 26இல் சென்னையில் இராமானுஜன் காலமானார். வயது 32. மனைவி ஜானகி பின்னர் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.