எனிக்மாவை வென்ற ஆலன் டூரிங்

போன செமஸ்டரில் மார்க் லிஸ்ட் புரோகிராம் ஒன்று எழுதிவிட்டு லேபில் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் நண்பன் மார்க் கேட்ட இடத்தில் தன் பெயரைத் தட்டினான். அவ்வளவுதான், புரோகிராம் படுத்துடுச்சு! எனக்கு ஒரே கோபம். ஆலன் டூரிங்கின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அவன் செய்தது உதவி என்று புரிந்தது.

டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா நம்ம போத்தனூரில் பிறந்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, 1936-ல், அதற்கான கணித அடிப்படையை எழுதினார்.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தார். ஜெர்மனியின் எனிக்மா சங்கேத மெஷினை முறியடிப்பதுதான் வேலை. போலந்துக் கணித அறிஞர்கள் 1932-லேயே அதற்கு வழி கண்டிருந்தார்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல் டூரிங் வடிவமைத்த ‘பாம்ப்’ என்ற கருவி 1940 மார்ச்சில் வந்தது.

எனிக்மாவின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுசு போதாது. ஆனா அதில் ரெண்டு ஓட்டை. ஒன்று மெஷினில்: எந்த எழுத்தும் சங்கேதத்தில் அதே எழுத்தாக வராது. இன்னொன்று மனுஷனிடம்: வானிலை அறிக்கையில் தினமும் அதே வார்த்தைகள். அப்படி ஊகித்த வார்த்தையை வைத்து, முரண்படும் செட்டிங்குகளை எல்லாம் பாம்ப் கழித்துக் கட்டியது.

உடைத்தவரே காக்கவும் வழி சொன்னார். நீளமான கூட்டலில் அடுத்த வரிசைக்குக் கொண்டுபோகும் எண்களை எழுதி வைத்தால் சரிபார்ப்பது சுலபம். அதுபோல, புரோகிராமிலும் எந்த இடத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துச் சோதிக்கலாம் என்று 1949-ல் விளக்கினார்.

நாடு அவருக்குக் காட்டிய நன்றி? தன்பால் உறவுக்காக 1952-ல் தண்டித்தது. சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார், வயசு 41. அரச மன்னிப்பு வந்தது 2013-ல்தான்.

இன்றைய ஹேக்கிங் கருவிகளும் எழுதியவன் யோசிக்காமல் விட்ட இடத்தைத்தான் தேடுகின்றன. கன்னாபின்னாவென்று எதையாவது உள்ளே கொடுத்துப் பார்க்கின்றன. அனுமதியில்லாமல் அடுத்தவர் சிஸ்டத்தில் கை வைத்தால் அது குற்றம். நம்ம புரோகிராமில் நாமே ஓட்டிப் பார்த்தால் அது படிப்பு.

இப்பல்லாம் புரோகிராம் முடிந்ததும் நானே அந்த நண்பனைக் கூப்பிட்டு கீபோர்டைக் கொடுத்துவிடுகிறேன்.